கெய்கோ கடையை விட்டது விடுதலைக்காக அல்ல

ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராட்டாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்' நாவலில், அன்றாடப் பொருள்கள் விற்கும் சிறு கடையொன்றில் வேலை பார்க்கும் கெய்கோ முதலாளித்துவத்தை உதறிவிட்டுத் தனிமனுஷியாக வெளியேறுகிறாள் என்று ஒரு வாசிப்பு இருக்கிறது. கதை அப்படிப் போகவில்லை. 18 வருடம் பகுதிநேரமாகப் பார்த்த வேலையை அவள் விடுவதற்குக் காரணம், அதே கடையில் முன்பு வேலை பார்த்து, இப்போது அவள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட ஷிராஹா என்பவன். அவன் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு நிரந்தர வேலை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நேர்காணலுக்குப் போகிற வழியில் வேறொரு கடைக்குள் நுழைந்தவள், அங்கே அலமாரியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுகிறாள். மறுபடி கடை ஊழியராகவே இருக்கத் தீர்மானிக்கிறாள்.

அவளை நெருக்குவது கடையைவிட, கல்யாணம் எப்போது, ஒழுங்கான வேலை எப்போது என்று துளைக்கும் சுற்றத்தார்தான். அதற்காக இது கடைக்குப் பாராட்டுப் பத்திரமும் அல்ல. சாப்பாடும் தூக்கமும்கூட மறுநாள் வேலைக்காகத்தான் என்று வாழ்கிறவள் அவள். அப்புறம், 2016இல் ஜப்பானின் இலக்கிய விருதான அகுதாகவா பரிசு வாங்கியபோது முராட்டாவும் அப்படியொரு கடையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.