சிவிட்டா ஆளில்லாத ஊர் அல்ல

இத்தாலியின் மலைக் கிராமமான சிவிட்டா டி பான்யோரேஜோ 1695 நிலநடுக்கத்தில் ஒரே இரவில் காலியானது, தேவாலயம் பாழடைந்து கிடக்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

நிலநடுக்கம் வந்தது உண்மைதான். பலர் பக்கத்து பான்யோரேஜோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனால் ஊர் தேய்ந்தது மெல்ல மெல்லத்தான். மேலே எரிமலைப் பாறை, அடியில் களிமண். மழையும் ஓடையும் களிமண்ணை அரிக்க அரிக்க, பாறை விளிம்பு வீடுகளோடு சரிகிறது. புனித பொனவெந்தூரா வளர்ந்ததாகச் சொல்லப்படும் வீடும் அப்படித்தான் போனது.

இன்றும் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்காவது ஆட்கள் வாழ்கிறார்கள். சதுக்கத்தில் சான் டொனாட்டோ தேவாலயம் நன்றாகவே நிற்கிறது. அதன் பழைய மரச் சிலுவையைப் புனித வெள்ளியன்று பான்யோரேஜோ ஊர்வலத்துக்கு எடுத்துச் செல்வார்கள். ஊருக்குள் போக 1965இல் கட்டிய நடைபாலம் இருக்கிறது. 2013 முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு.