நாற்பது வெள்ளி பீரும் நம் பக்கத்துக் குடியும்

கோலாலம்பூரில் புதிது புதிதாக முளைக்கும் கிராஃப்ட் பீர் (சின்ன ஆலைகள் தனி ருசியில் காய்ச்சும் பீர்) கடைகளையும் காக்டெய்ல் பார்களையும் பற்றி நம் மலேசியத் தமிழ் ஆட்கள் முகநூலில் எழுதுவது இரண்டே வகைதான். ஒன்று, கலாசாரம் கெட்டுப்போச்சு வகை. இன்னொன்று, கிளாஸைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தை ஆகா ஓகோ என்று புகழும் வகை. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அந்தக் கடைகளில் விற்கிற பீரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அங்கே ஆட்கள் குடிக்கிற விதம் இருக்கிறதே, அது நம் பக்கமும் வர வேண்டும் என்று நினைக்கிறேன். திட்டப் போகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பீரை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக பீர் என்றால் பெரும்பாலும் இரண்டு ஆலைதான். ஷா ஆலாமில் 1972-இல் காய்ச்ச ஆரம்பித்த கார்ல்ஸ்பெர்க் ஒன்று. சுங்கை வேயில் இருக்கும் கின்னஸ் ஆங்கர் இன்னொன்று. 2016-இல் அதன் பெயர் ஹைனகன் மலேசியா என்று மாறியது. கல்யாண விருந்தா, தீபாவளியா, எங்கே போனாலும் அதே நான்கைந்து லேபிள். முனியாண்டி படையலில் சுருட்டுக்குப் பக்கத்தில் நிற்பதும் அந்தக் கின்னஸ் கருப்பு பீர்தான். அப்படிப் பழகின நாக்குக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு குழாயை வரிசையாக வைத்து, இது ஐபிஏ, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ தூக்கல், இது சவர், புளிக்கும், இது ஸ்டவுட், மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, நன்றாக வறுத்தது என்று ஒரு பையன் விளக்கும்போது கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ருசி? ஸ்டவுட் வகைகள் எனக்குப் பிடித்தன. ஐபிஏ பலதும் வேப்பிலைக் கஷாயத்தில் மாம்பழ எசன்ஸ் விட்ட மாதிரி. இந்த ஊர் வெக்கைக்கு ஜில்லென்ற சாதாரண லாகர் பீரை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கிராஃப்ட் ரசிகர்கள் மன்னிக்கவும்.

விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது. ஒரு கிளாஸ் 35 வெள்ளி (ரிங்கிட்), 40 வெள்ளி. கடைக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், முழுக்க அப்படியும் இல்லை. 2016 மார்ச்சில் அரசாங்கம் கலால் வரிக் கணக்கை மாற்றி, பீரில் இருக்கும் சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 175 வெள்ளி என்று வைத்தது. 2025 நவம்பர் 1 முதல் அதற்கு மேல் 10 விழுக்காடு ஏற்றியாகிவிட்டது. ஆக 192 வெள்ளி 50 காசு. 5 விழுக்காடு பீர் அரை லிட்டரில் 25 மில்லி ஆல்கஹால். அதற்கே கலால் வரி 4 வெள்ளி 80 காசைத் தொடுகிறது. 7 விழுக்காடு ஐபிஏ என்றால் அதே அரை லிட்டருக்கு 6 வெள்ளி 70 காசைத் தாண்டும். அப்புறம் விற்பனை வரி, குளிர் கெடாமல் கொண்டுவரும் செலவு, வாடகை, லைசென்ஸ். வரி ஆல்கஹாலைத்தான் பார்க்கிறது. காய்ச்சுகிறவன் பெரிய முதலாளியா, சின்ன ஆளா என்று பார்ப்பதில்லை. சரி, காரணம் எதுவாக இருந்தால் என்ன? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளிதான். ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு கிளாஸ்கூடத் தேறாது. அதனால் இந்த இடங்களை 'மக்கள் கூடும் இடம்' என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இப்போது எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்.

ஜாலான் பெட்டாலிங் பக்கம் போய்ப் பாருங்கள். 150-ஆம் எண் கடைவீட்டில் பிஎஸ்150 என்ற பார் இருக்கிறது. ஆசியாவின் 50 சிறந்த பார்கள் பட்டியலில் 2023-இல் 8-ஆம் இடத்துக்கு வந்த பென்ரோஸ் அதே வட்டாரம்தான். ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் தியேட்டரை ரெக்ஸ்கேஎல் என்று புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கடைகளில் நானும் என் சித்தி மகளும் போய் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு தமிழ்ப் பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், ஒருத்தி நெற்றியில் குங்குமத்தோடு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன மாதிரி ருசி பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, முதலில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அடுத்தது என்ன என்று யாரும் பிடுங்கவில்லை. பெண்கள் கழிப்பறையில் விளக்கு எரிந்தது, கதவில் தாழ்ப்பாள் இருந்தது. இது ஒரு விஷயமா என்று கேட்கும் அண்ணன்மார்கள், உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் ஆட்கள் நடத்தும், சாப்பாட்டோடு மதுவும் விற்கும் பிஸ்ட்ரோக்களுக்கும் போயிருக்கிறேன். சாப்பாட்டில் நம்மை மிஞ்ச ஆளில்லை. அந்த மட்டன் வறுவலுக்கும் நெத்திலிக்கும் பக்கத்தில் புதிய பார்கள் தட்டில் வைத்துத் தரும் சிப்ஸும் ஆலிவ் காயும் நிற்கவே முடியாது. ஆனால் மேசையில் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வியே, பக்கெட்டா (ஐஸ் வாளியில் பாட்டில்கள்), டவரா (மேசையில் நிறுத்தும் உயரமான பீர்க் குழாய்) என்பதுதான். ஐந்து பாட்டில் எடுத்தால் விலை குறைவு, ஒன்று எடுத்தால் அதிகம். ஐஸ் உருகுவதற்குள் முடிக்க வேண்டும். ஸ்பீக்கர் காதைப் பிளக்கும், பேச முடியாது. பேச முடியாத இடத்தில் கையும் வாயும் என்ன செய்யும்? குடிக்கும். அதற்கு மேல் கரோக்கே மைக்குக்கு ஒரு சண்டை. குடிக்கிறவன் குணத்தைக் குறை சொல்லி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். விற்கிற முறையே மடமடவென்று குடிக்க வைக்கிற மாதிரி இருப்பதை யாரும் எழுதுவதில்லை. என் பார்வையில் பாதிப் பிரச்சினை அங்கேதான்.

இது இன்று வந்ததும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் கள்ளுக்கடையை வைத்ததும் சம்பள நாளில் திறந்து விட்டதும் நம் பாட்டன் இல்லை. சம்பளத்தைக் கொடுத்த அதே கை, கள்ளையும் பக்கத்திலேயே வைத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எல்லாரும் சம்பளப் போராட்டம் என்று மட்டும் நினைக்கிறோம். ஆர்.எச்.நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்பதும் அதே பட்டியலில்தான் இருந்தது. போர் முடிந்த பிறகு 1946, 47-இல் கெடாவில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது, போலீசோடு மோதியது. குடும்பம் குடும்பமாகச் சீரழிந்ததைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கொதிப்பார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எனக்குக் குறையாகத் தெரிவது அதற்கு அப்புறம் நடந்தது. நம்மிடம் குடி என்றால் இரண்டு நிலைதான் மிச்சம் நின்றது. ஒன்று தொடவே மாட்டேன். இல்லாவிட்டால் விழுகிற வரைக்கும். நடுவில் ஒன்றுமில்லை. அளவாக ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுப் படுத்த பெரியப்பாக்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களை யாரும் பேசுவதில்லை, பிள்ளைகளுக்குக் காட்டுவதும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு பிராந்தி கொடு என்று சொல்வதும் நாம்தான், அதே பெண் பத்து வருடம் கழித்து ஒரு ஸ்டவுட் குடித்தால் ஊர் முழுக்கப் பேசுவதும் நாம்தான்.

புதிய பார்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. இந்த ஊர் ருசி, இந்த ஊர் நினைவு என்று அவர்கள் நிறையப் பேசுகிறார்கள். பாண்டான் இலை, குலா மலாக்கா வெல்லம், 'அசாம் போய்' என்கிற புளிப்பு உப்புப் பழம் எல்லாம் கிளாஸில் இறங்கிவிட்டன. ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் இருக்கும் பார் ட்ரிகோனா, கொடுக்கில்லாத தேனீயின் கெலுலுட் தேனை வைத்தே பெயர் வாங்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் நான் போன ஒரு பாரில் ரப்பர் மரம் சீவுகிற பால் உளியும் பால் பிடிக்கிற மங்கும் சுவரில் அலங்காரமாகத் தொங்கின. மெனுவைப் புரட்டினேன். அந்த உளியைப் பிடித்தவன் வேலை முடிந்து வந்து என்ன குடித்தான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. சவர் பீர் என்று 40 வெள்ளிக்கு விற்கிறார்களே, காட்டு ஈஸ்ட், இயற்கைப் புளிப்பு என்று அதற்கு அவ்வளவு விளக்கம். தென்னம்பாளையைச் சீவி, காலையும் மாலையும் இறக்கி, காற்றில் இருக்கிற ஈஸ்ட்டே புளிக்க வைத்து, சில மணி நேரத்தில் பீர் அளவுக்கு ஏறி, மறுநாள் காடியாகப் போகிற ஒன்றை நம் ஆட்கள் எந்த விளக்கமும் இல்லாமல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுத்தமாக இறக்கின கள்ளை அன்றைக்கே ஒரு நல்ல இடத்தில், நல்ல கிளாஸில், நியாயமான விலைக்கு ஊற்ற முடியாதா? கள் என்றாலே முகம் சுளிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அந்த வேலையும் நம் கையை விட்டுப் போகிறது.

வாசல் விஷயம் தனி. என் தம்பியும் மூன்று கூட்டாளிகளும் பங்சாரில் ஓர் இடத்துக்குப் போனார்கள். சட்டை, ஷூ எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. 'புக்கிங் இல்லையா, இடம் இல்லை' என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த வேறு நான்கு பேர், அவர்களும் புக்கிங் இல்லாதவர்கள்தான், நேராக உள்ளே போனார்கள். நான்கு கறுத்த பையன்கள் ஒன்றாக வந்தால் சண்டைதான் வரும் என்று கணக்குப் போடுகிற இடங்கள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கின்றன. பழைய கிளப்களில் இருந்த அந்த வியாதி புதிய பார்களுக்கும் தொற்றக் கூடாது என்று சொன்னால், உடனே இனவாதம் பேசாதே என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள்.

அரசாங்கமும் அரசியலும் இதில் செய்வது பெரும்பாலும் எனக்குப் புரிவதில்லை. 2017-இல் நடக்க இருந்த பெட்டர் பீர் திருவிழாவை பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி எதிர்த்தது, கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி மறுத்தது. டிக்கெட் வாங்கி, மூடின இடத்தில், சின்னச் சின்னக் கிளாஸில் ருசி பார்க்கிற கூட்டம் அது. அடுத்த வருடம் செப்டம்பரில் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்து ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பெரும்பாலும் நேப்பாளம், பங்களாதேஷ், மியன்மார் தொழிலாளர்கள். நல்ல சரக்கின் விலை எட்டாத உயரத்துக்குப் போனால், குடிக்கிறவன் குடியை விடுவதில்லை, மோசமானதைத் தேடிப் போகிறான். சம்சு என்ற மலிவு உள்ளூர்ச் சாராய பாட்டில் காலத்திலிருந்து நாம் பார்த்தது இதுதான். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எத்தனை வருடம் சம்சுவுக்கு எதிராகக் கத்தியது! கோலாலம்பூரில் 2021-இல் மளிகைக் கடை, சீன மருந்துக் கடைகளில் விஸ்கி, பிராந்தி மாதிரி காட்டமான மது விற்கக் கூடாது, பீர் மட்டும் இரவு 9 மணி வரை என்று விதி வந்தது. அந்த ஒரு விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சிகரெட் வாங்கும் இடத்தில் கைக்கு எட்டும் விலையில் சம்சு குட்டி பாட்டில் இருக்கக் கூடாது.

வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் சட்டம் இறுகிவிட்டது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை விட்டிருந்த அளவை 50 ஆகக் குறைத்தார்கள். குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் கொன்றால் குறைந்தது 10 வருடம் உள்ளே. ஜாலான் பெட்டாலிங் பார்களிலிருந்து பசார் செனி நிலையம் நடக்கிற தூரம்தான், எல்ஆர்டி ரயிலும் உண்டு எம்ஆர்டி ரயிலும் உண்டு. நம் பிஸ்ட்ரோக்கள் பலவும் தாமான் (குடியிருப்புப் பகுதி) கடைவரிசையில் கிடக்கின்றன. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் காரில்தான் வருகிறார்கள், காரில்தான் போகிறார்கள்.

அதனால்தான் பிரிக்பீல்ட்ஸ் என்கிறேன். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் காலடியில் இருக்கிறது, நம் கடைகளும் இருக்கின்றன, நம் ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு நல்ல முதலாளி அங்கே ஒரு கடைவீட்டை எடுத்து, இருபது முப்பது பேர் உட்காருகிற அளவுக்கு ஒரு பார் போட்டால் போதும். கிராஃப்ட் பீர் எல்லாம் வேண்டாம். சாதாரண லாகர், சின்ன கிளாஸ் 15 வெள்ளிக்கு. சமையல்காரர் மட்டும் நம் ஆளாக இருக்க வேண்டும், மட்டன் வறுவல் கேட்டால் மட்டன் வறுவல் வர வேண்டும். பாட்டு போடுங்கள், பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது காதில் விழுகிற அளவுக்கு. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். பக்கெட்டும் டவரும் கிடையாது என்று வாசலில் ஒரு பலகை மாட்டுங்கள். முதல் மாதம் கூட்டம் வராது, வந்தவர்களும் முணுமுணுப்பார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் தம்பியையும் அந்த மூன்று பேரையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். மேசை புக்கிங் செய்ய வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.