ஊசி குத்தினால் மார்பகப் புற்றுநோய் பரவுமா?

"மார்பில் கட்டி என்றால் ஊசி குத்த விடாதீர்கள், உடம்பெல்லாம் பரவிவிடும்." சென்னைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. இங்கே ஊசி என்பது பயாப்சி: கட்டியிலிருந்து சிறு திசுத்துண்டை ஊசியால் எடுத்துச் சோதிப்பது.

ஊசித் தடத்தில் சில செல்கள் இடம்பெயர்வது உண்டு, மறைப்பானேன்? ஆனால் அவை அங்கே வேரூன்றி வளர்வது மிக அரிது. பயாப்சி செய்ததால் யாருடைய ஆயுளும் குறைவதாகச் சான்று இல்லை. பலர் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஊசிக்குப் பின் நோய் தெரியவருகிறது. பழி ஊசிமேல் விழுகிறது.

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்ட் திரையில் கட்டியைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவார்கள். 'டக்' என்றொரு சத்தம். நூல் போல மெல்லிய திசுத்துண்டு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவப் புட்டிக்குள் போகும். புற்றுநோயா, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் (அந்த ஹார்மோன் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) உண்டா, செல்களை வளரத் தூண்டும் ஹெர்-2 புரதம் மிகுதியா என்பதெல்லாம் அந்தத் துண்டில்தான் தெரியும். எந்த மருந்து என்பதும் அதை வைத்தே முடிவாகும். மாமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே சந்தேகத்தைக் காட்டும், உறுதிப்படுத்தாது.

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. இளம்பெண்களிடம் ஃபைப்ரோஅடினோமா எனும் புற்றுநோயல்லாத கட்டி சாதாரணம். அந்த நிம்மதியைத் தருவதும் பல நேரங்களில் இதே ஊசிதான். 'வலியில்லையே' என்று அத்தையோ மாமியோ தள்ளிப்போட்டால் விடாதீர்கள்: மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.