சைலஜா டீச்சர் டாக்டரா?

கேரளாவின் முன்னாள் சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா ஒரு மருத்துவர், 2021 தேர்தலில் தோற்றதால்தான் பதவி போனது என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அவர் மருத்துவம் படித்தவரே இல்லை. கண்ணூர் மாவட்டம் சிவபுரத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். ஊரே ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதை எப்படித்தான் ‘டாக்டர்’ ஆக்கினார்களோ! 1996இல் கூத்துபரம்பு தொகுதியில் ஜெயித்து முதல்முறையாக எம்.எல்.ஏ. ஆனார். 2004இல் பள்ளி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு. 2006இல் பேராவூரில் மீண்டும் வெற்றி, 2016இல் மறுபடி கூத்துபரம்பு. அப்போதுதான் சுகாதாரத் துறை வந்தது. நிபா, கொரோனா இரண்டும் அவர் காலத்தில்தான்.

சரி, தோல்வி? 2011இல் பேராவூரில் தோற்றது உண்மை. ஆனால் 2021இல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். கேரள சட்டமன்றத் தேர்தலில் அதுவரை யாரும் காணாத வித்தியாசம் அது. அமைச்சரவையில் இடம் கிடைக்காததற்குக் காரணம், முதல்வர் பினராயி விஜயனைத் தவிர தன் அமைச்சர்கள் எல்லோரும் புதுமுகங்களாக இருக்க வேண்டும் என்று மார்க்சிஸ்ட் கட்சி எடுத்த முடிவு. 2024இல் வடகரையில் தோற்றாரே என்று கேட்கலாம். அது மக்களவைத் தேர்தல்.