ஹெல்பெண்டருக்கு விஷம் இல்லை

"கடித்தால் விஷம் ஏறும், டிரவுட் மீன்களைத் தின்றே தீர்த்துவிடும், கண்டதும் கொல்லுங்கள்" என்று அமெரிக்காவின் ஹெல்பெண்டர் சாலமாண்டர் (ஓடையில் வாழும், பல்லி போன்ற உடலுள்ள நீர்நில வாழ்வி) படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அதற்கு விஷக்கடி கிடையாது. இரண்டு அடிக்கு மேலும் வளரும் இதன் முக்கிய இரை, சிங்கி இறாலின் நன்னீர் உறவினமான கிரேஃபிஷ். எப்போதாவதுதான் மீன்.

பகலில் தட்டைப் பாறைக்கடியில் பதுங்கிக் கிடக்கும். விலாவில் சுருங்கித் தொங்கும் தோல்மடிப்புகள்தான் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. நீர் சூடேறினால் மூச்சு முட்டும். வண்டல் படிந்தால் பாறையிடுக்கே அடைபட்டுப்போகும். இலையுதிர் காலத்தில் அங்கே முட்டைகளை ஆண் காவல் காக்கும். தயவுசெய்து பாறையைப் புரட்டாதீர்கள், முட்டைகள் நீரோட்டத்தோடு போய்விடும்.

தூண்டிலில் சிக்கினால் முள்ளை இழுக்க வேண்டாம். தூண்டில் நரம்பை முள்ளருகே வெட்டி, ஈரக்கையால் பிடித்து அதே இடத்தில் விடுங்கள். பென்சில்வேனியா 2019-இல் தன் மாநிலத்தின் அடையாள நீர்நில வாழ்வியாக ஏற்றது இதைத்தான்.