வறட்சி தாங்கும் செடிக்குத் தண்ணீரே வேண்டாமா? உண்மை விளக்கம்

“சக்குலன்ட், டே லில்லி இரண்டும் வறட்சி தாங்கும், நட்ட நாள் முதல் தண்ணீரே ஊற்றாமல் ஒரே பாத்தியில் விட்டுவிடலாம்” என்ற தகவல் பரவி வருகிறது. (சக்குலன்ட் என்பது தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமிக்கும் செடி; டே லில்லி என்பது நீண்ட இலைகள் கொண்ட பூச்செடி.) இதை நம்பினால் செடி போய்விடும்.

வறட்சியைத் தாங்குவது நன்றாக வேர் பிடித்த செடிதான். டே லில்லியின் தடித்த வேர்களில் நீர் சேமிப்பு உண்டு. ஆனால் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் நட்ட பிறகே வளரும். அதனால் முதல் பருவத்தில் மழை இல்லாத வாரங்களில் ஒருமுறையாவது, ஓர் அடி ஆழம் நனையும்படி ஊற்றுங்கள். வேரும் இலையும் சேரும் கழுத்து, மண்ணுக்குள் 2 செ.மீ. அளவே இருக்கட்டும். அதைவிட ஆழமாகப் புதைத்தால் பூப்பது குறையும், அழுகவும் செய்யும். வளர்ந்த செடியிலும் மொட்டு விடும் நேரத்தில் மண் காய்ந்தால் மொட்டு உதிர்ந்துவிடும்.

சக்குலன்டுக்கு ஆபத்து நேர்மாறானது. டே லில்லிக்கு விடும் தண்ணீரே, களிமண்ணில் சக்குலன்டின் வேரை அழுக வைக்கும். ஒரே பாத்திதான் வேண்டுமென்றால் 20 செ.மீ. மேடு கட்டி, பாதிக்குப் பாதி பருமணல் கலந்து, சக்குலன்டை மேலேயும் டே லில்லியைச் சரிவின் அடியிலும் நடுங்கள். நடுவது சக்குலன்டின் வெட்டிய தண்டாக இருந்தால், வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைத்த பிறகே நட வேண்டும்.

சக்குலன்டின் அடியிலைகளைப் பாருங்கள். சுருங்கி மெலிந்திருந்தால் தாகம். மஞ்சளாகி, ஒளி ஊடுருவும்படி கொழகொழத்து, தொட்டதும் கழன்றால் நீர் மிகுதி. இதை வாட்டம் என்று நினைத்து மேலும் ஊற்றுவதில்தான் பல செடிகள் சாகின்றன.

பூனை வளர்ப்பவர்கள் டே லில்லியைத் தவிர்த்துவிடுங்கள். அது பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.