கலராகாவை விட்டுவிட்டீர்களே!

பேஸ்பாலின் மறக்க முடியாத தருணங்களைப் பட்டியலிட்ட கட்டுரையாளர், 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் நடந்ததை எப்படி விட்டார்? டைகர்ஸ் அணியின் பந்துவீச்சாளர் அர்மாண்டோ கலராகா கிளீவ்லாந்து வீரர்களை வரிசையாக 26 முறை வெளியேற்றியிருந்தார். ஒருவர்கூட முதல் தளத்தை எட்டவில்லை. இன்னும் ஒருவரை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்து, எதிரணியில் யாரையுமே தளமேற விடாத அரிய ‘பெர்ஃபெக்ட் கேம்’ அவருடையதாகியிருக்கும். (ஒன்பதாவது இன்னிங்ஸில் சக வீரர் ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டிக்கொண்டே ஓடிப் பிடித்த கேட்ச் ஒன்றுக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும்.) 27ஆவதாக வந்த ஜேசன் டொனால்ட் தளத்தை மிதிக்கும் முன்பே பந்து கலராகாவின் கையுறைக்குள் இருந்தது. நடுவர் ஜிம் ஜாய்ஸோ இரு கைகளையும் விரித்து ‘சேஃப்’, அதாவது அவுட் இல்லை, என்றுவிட்டார்!

கலராகா சண்டைக்குப் போகவில்லை. லேசாகச் சிரித்தார், திரும்பிப் போய் அடுத்தவரை வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார். பிறகு வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அணிப் பட்டியலை நடுவரிடம் கொடுக்க வந்தவரும் கலராகாதான். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

பேஸ்பால் லீக்கின் அன்றைய ஆணையர் பட் செலிக் அந்தத் தீர்ப்பை மாற்ற மறுத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. மாற்றியிருந்தால் ஆட்டத்தின் முடிவு துளியும் மாறியிருக்காது. எப்படியும் டைகர்ஸுக்கு 3-0 வெற்றிதான். இத்தகைய தீர்ப்புகளை வீடியோவில் சரிபார்க்கும் விதி 2014இல்தான் வந்தது.